எல்லையம்மாள் சொன்னது

ஜாமீனில் வெளியே வந்த அன்றுதான் எல்லையம்மாள் தன் பெயரைச் சுவரில் பார்த்தாள். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், அரிசி மண்டியின் நீளச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்து. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சங்கத்துக்காரர்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்திருந்ததால் தன் பெயர் மட்டும் எங்கே எழுதியிருந்தாலும் அடையாளம் தெரியும். கடைசி வரியில் அது இருந்தது.

"என் பேரு எதுக்கு அங்க இருக்கு?" என்றாள்.

கூட வந்த அவள் புருஷன் பக்கிரி சிரித்தான். அவள் உள்ளே இருந்த நாட்களில் அழுது முகம் வீங்கிக் கிடப்பான் என்று நினைத்து வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு புதிதாக இருந்தது. அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"'கருக்கரிவாள் கதிரை மட்டும் அறுக்காது.' கீழ, 'வீரத்தாய் எல்லையம்மாள்'னு போட்டுருக்கு."

"யாரு சொன்னது அது?"

"நீதான்."

"நான் எப்ப சொன்னேன்?"

"அன்னிக்கி. மிராசுதாரு கிட்ட. ஊரே அதைத்தான் பேசுது. டீக்கடையில எங்கிட்ட காசு வாங்க மாட்டேங்கறான் புள்ள. கருக்கருவா எல்லையம்மா வூட்டுக்காரனான்னு கேட்டு, ஒக்கார வச்சு டீ குடுக்குறான்."

எல்லையம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் கையில் கருக்கரிவாளே இல்லை.

நடந்தது இதுதான். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவர்களுக்கே சொந்தம் என்று அந்த வருஷம் சட்டம் வந்தது. கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் ஊர் ஊராக மேடை போட்டு அதைச் சொன்னார்கள். செங்கொடிச் சங்கத்துக்காரர்கள், நாங்கள் அடிபட்டு உதைபட்டு வாங்கிக் கொடுத்த சட்டம் அது என்று அடுத்த நாள் அதே இடத்தில் மேடை போட்டுச் சொன்னார்கள். யார் கொடுத்தது என்பதில் எல்லையம்மாளுக்கு அக்கறை இல்லை. ஆலங்கொல்லையில், மிராசுதார் இராஜாங்கத்தின் களத்துமேட்டை ஒட்டி அவளுடைய குடிசை இருந்தது. மாமியார் அங்கேதான் பக்கிரியைப் பெற்றாள். எல்லையம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்ததும் அங்கேதான். அவர் நிலத்தில் வேலை செய்கிறவரை இருக்கலாம், வேலையை விட்டால் அன்றைக்கே ஓலையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் அதுவரைக்கும் வழக்கம். இனி அப்படி இல்லை என்றார்கள். அதிகாரிகள் வந்து யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதப்போகிறார்கள் என்றும் சொன்னார்கள்.

அவர்கள் வருவதற்குள் குடிசை இல்லாமல் போய்விட்டால் எழுத என்ன இருக்கும்? இராஜாங்கத்துக்கு அந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆடி மாதம். வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பொழுது விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் எல்லையம்மாள் வாசல் மெழுகிக்கொண்டிருந்தாள். பக்கிரி நாற்றங்காலுக்குப் போயிருந்தான். பக்கத்துக் குடிசை காத்தாயி படலுக்கு அந்தப்பக்கம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். இராஜாங்கம் தானே வந்தார். கூடக் காரியஸ்தர் ரெங்கசாமி, அவருக்குப் பின்னால் கூரை பிரிக்கிற ஆட்கள்.

அவர் எங்கும் நிற்காமல் நேராக வந்து மெழுகின ஈரத்தின் மேலேயே செருப்புக் காலோடு நின்றார். "சட்டியெல்லாம் எடுத்து வெளில வச்சுக்க. கூரையப் பிரிக்கணும்," என்றார், ஆட்டைக் கட்டி வை என்று சொல்கிறமாதிரி.

எல்லையம்மாள் குனிந்தபடி இருந்தாள். கையெல்லாம் சாணி. அவள் கண்ணுக்கு முதலில் தெரிந்தது அந்தச் செருப்புதான், அது அழுந்தி நின்ற இடத்தில் சாணி பிதுங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தாள்.

"என் வாசல்ல நிக்கிறீங்க. நகந்து நில்லுங்க," என்றாள்.

அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். பண்ணையாட்கள் மிராசுதாரைக் கூப்பிடுகிற 'ஆண்டே' என்ற சொல்லை மட்டும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டாம் என்று நினைத்து விட்டதும் இல்லை, வாயில் வரவில்லை.

இராஜாங்கம் நகர்ந்தார். யோசித்து நகர்ந்ததில்லை அது. வழியில் நிற்கிறவனை யாராவது நகரச் சொன்னால் கால் தானாக நகருமே, அப்படிப் பின்னால் போனார். போனபிறகுதான் தான் செய்தது அவருக்குத் தெரிந்தது. ரெங்கசாமியும் கூரை பிரிக்க வந்த ஆட்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் முகம் கறுத்தது. திரும்பி விறுவிறுவென்று போய்விட்டார்.

மறுநாள் போலீஸ் வந்தது. களத்துமேட்டில் அத்துமீறி நுழைந்து, கையில் கருக்கரிவாளோடு ஓடிவந்து, 'இந்தக் கருக்கருவா கதுர மட்டும் அறுக்காது, ஒன் கழுத்தையும் அறுக்கும்' என்று கொலை மிரட்டல் விட்டதாகப் புகார். புகாரைச் சொன்னவர் இராஜாங்கம், சொல்லைக் கோத்துக் கொடுத்தவர் ரெங்கசாமி. அவருக்கு நாடகத்தில் பாட்டெழுதிய பழக்கம் உண்டு.

எல்லையம்மாள் ஜாமீனில் வருவதற்குள் குடிசை போய்விட்டது. ஓலை, மூங்கில், மண்சுவர் எதையும் விடவில்லை. இடத்தை உழுது வாழைக்கன்று வைத்துவிட்டார்கள். பக்கிரி பாமணியாற்றுப் படுகையில் நாலு கீற்றைச் சாய்த்து அதற்குக் கீழே சட்டியும் பாயுமாக உட்கார்ந்திருந்தான்.

"வூடு இல்ல, டீ மட்டும் சும்மா கெடைக்குது. அதுக்கா சிரிச்ச?" என்று அவள் கேட்டாள்.

சங்கத்தின் தாலுகாச் செயலாளர் செல்லத்துரை அன்று மாலையே சைக்கிளில் வந்தார். நல்ல மனுஷர். மனைவியின் தோட்டை அடகு வைத்து இவளுடைய ஜாமீனுக்கு அலைந்தவர். கீற்றுக்கு அடியில் குனிந்து வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எல்லையம்மா, நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை இந்தத் தாலுகாவையே கெளப்பி விட்டுருச்சு. பெண்டுக எல்லாம் கூட்டத்துக்கு வர ஆரம்பிச்சிருக்காங்க. தை மாசம் மாநாடு. பந்தல் முகப்புல அதைத்தான் எழுதப்போறோம்."

"நான் அதைச் சொல்லலைண்ணே."

அவர் தலையாட்டினார். "கோர்ட்டுல அப்படிச் சொல்றது உன் இஷ்டம். வக்கீல் என்ன சொல்றாரோ பாத்துக்கலாம். எங்கிட்ட எதுக்கு மறைக்கிறே?"

"மறைக்கலை. சொல்லலை. 'என் வாசல்ல நிக்கிறீங்க, நகந்து நில்லுங்க'ன்னுதான் சொன்னேன்."

செல்லத்துரை மெல்லக் கேட்டார், "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுல ஒரு வீச்சு இல்லையேம்மா. 'நகந்து நில்லுங்க'ன்னு சுவத்துல எழுதினா, ரோட்டுல மாட்டு வண்டிக்காரனுக்குச் சொன்னமாதிரி இருக்கும்."

எல்லையம்மாளுக்குச் சுருக்கென்றது. "அண்ணே, அதைக் கேட்டு அவரு நகந்தாரு. நான் கண்ணால பாத்தேன். நீங்க எழுதியிருக்கீங்களே அதைச் சொல்லி யாரு நகந்தா?"

"அதைப் படிச்சு ஆயிரம் பேரு நகருவாங்க."

"நகரட்டும். நல்லாருக்கட்டும். என் பேரைப் போட்டு எழுதாதீங்க. அந்தக் காரியஸ்தன் எழுதிக்குடுத்த சொல்லு அது. என்னைப் பிடிச்சு உள்ள போடறதுக்கு அவன் எழுதினதை நீங்க எடுத்து என் தலையில பூவா வைக்கிறீங்க."

செல்லத்துரைக்கு அது உறைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் எழுந்து சைக்கிளைத் திருப்பும்போது சொன்னது வேறு. "இப்பப் போயி நீ சொல்லலைன்னு ஆச்சுன்னா, சங்கம் பொய் சொல்லுதுன்னு கறுப்பு சிவப்புக்காரங்க மேடை போட்டுச் சிரிப்பாங்க. அதையும் யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்தாள். அது மட்டுமில்லை. காத்தாயியிடம் கேட்டபோது அவள் கண்ணை விரித்து, "நீ சொன்னியே! படலுக்கு இந்தப்பக்கம் நின்னு நான் காதால கேட்டேனே. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு," என்றாள். காத்தாயி பொய் சொல்கிறவள் இல்லை. அன்று கேட்டதுபோலவே அவளுக்கு இப்போது ஞாபகம் இருந்தது. பக்கிரியும் தன் பங்குக்கு, "கோவத்துல ஒனக்கே தெரியாம சொல்லியிருப்ப புள்ள," என்றான்.

இரண்டு மூன்று நாள் அவளுக்கே குழப்பமாகிவிட்டது. சொல்லியிருப்போமோ? நாற்றுப் பறிக்கையில், நாற்று முடியை நீரில் அலசி அடித்துக் கட்டுகையில், அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஊரார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, கையில் கருக்கரிவாளோடு தான் நிற்பதுபோலவே ஒரு தோற்றம் வர ஆரம்பித்தது. பிறகு சாணி ஞாபகம் வந்தது. முழங்கை வரை சாணி. அந்தக் கையால் கருக்கரிவாளைப் பிடிக்க முடியாது, வழுக்கும். அந்த எண்ணம் வந்ததும் மனசு தெளிந்துவிட்டது. அதன்பிறகு யார் சொன்னாலும் அசையவில்லை. வரப்பில் யாராவது 'கருக்கருவா எல்லையம்மா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் போவாள். வெறும் எல்லையம்மா என்று கூப்பிட்டால்தான் நிற்பாள். அகம்பாவம் பிடித்தவள் என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டாள்.

அதற்குள் சொல்லும் வளர்ந்துகொண்டே போனது. திருவாரூரில் அது 'கதிரறுத்த கருக்கரிவாள் காலத்தையும் அறுக்கும்' என்று ஆகியிருந்தது. கறுப்பு சிவப்புக் கொடிக்காரர் ஒருவர் மேடையில், எங்கள் சட்டம் வந்ததால்தான் ஓர் ஏழைப் பெண்ணுக்கு இப்படிச் சொல்லும் துணிச்சல் பிறந்தது என்று முழங்கினார். எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தொலியில், அவளுக்கு அந்த இடத்தில் ஒரு வாசல் இருந்தது என்பது மட்டும் யார் காதிலும் விழாமல் போனது.

வழக்கை எடுத்தவர் அப்துல் ஹமீது. நாகூர்க்காரர், மன்னார்குடிக் கோர்ட்டில் வக்கீல். சங்கத்து வழக்குகளுக்கு பீஸ் கேட்க மாட்டார். பேச்சு கறாராக இருக்கும்.

"ஏம்மா, ரெண்டு வழி இருக்கு," என்றார். "ஒண்ணு, கோவத்துல வாய் தவறிட்டுதுன்னு சொல்லி மன்னிப்புக் கேளு. அபராதத்தோட போயிரும். ரெண்டு, செல்லத்துரை சொல்றமாதிரி, ஆமா சொன்னேன்னு நிமிந்து சொல்லு. கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு மாலையோட வெளிய வரலாம்."

"ரெண்டும் ஒண்ணுதானே வக்கீலய்யா."

"எப்படி ஒண்ணு?"

"ரெண்டுலயும் நான் சொன்னதா ஆவுது. களத்துமேட்டுல நான் அருவாளோட ஓடி வந்ததா ஆவுது. ஓடி வந்தவளுக்கு அங்க வூடு ஏது?"

ஹமீது கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். இதுவரைக்கும் அவர் இதை ஒரு மிரட்டல் வழக்காகத்தான் பார்த்திருந்தார். மனை பற்றிய விசாரணை வேறு அலுவலகத்தில் வேறு விஷயமாக இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு அவர் பார்க்கவில்லை.

"என்ன சொன்னே அன்னிக்கி? அப்படியே சொல்லு."

சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "இதைச் சொன்னேங்கறதுக்குச் சாட்சி?"

"காத்தாயி இருந்தா. அவளுக்கு இப்ப வேற மாதிரி ஞாபகம்."

"வேற யாரு?"

"மிராசுதாரு இருந்தாரு. அவருக்கு மறந்துருக்காது."

"அவர் எப்படி நமக்குச் சாட்சி சொல்லுவாரு?"

எல்லையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவரு எங்கிட்ட பயந்துட்டேன்னு கோர்ட்டுல நின்னு சொல்ல மாட்டாருய்யா. செத்தாலும் சொல்ல மாட்டாரு. ஏன் நகந்தீங்கன்னு கேட்டுப் பாருங்க."

வழக்கு நாளில் கோர்ட்டு வராந்தா நிறையச் சங்கத்து ஆட்கள். காத்தாயி ஒரு லாரி நிறையப் பெண்களோடு வந்திருந்தாள். எல்லையம்மாள் கூண்டில் ஏறி அந்தச் சொல்லை மாஜிஸ்திரேட் முகத்துக்கு நேரே சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். செல்லத்துரை சுவரோரம் கைகட்டி நின்றார். அவருக்குத் தெரியும், அவள் சொல்ல மாட்டாள் என்று. இருந்தாலும் வந்திருந்தார்.

குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.

"இல்லைங்க. நான் அப்படிச் சொல்லலை."

வராந்தாவில் சலசலப்பு எழுந்தது. "பயந்துட்டா," என்று யாரோ சொன்னது உள்ளே வரை கேட்டது. எல்லையம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்ததும் சத்தம் அடங்கியது. கோர்ட்டைப் பார்த்துத் தொடர்ந்தாள். "பயந்துகிட்டு இல்லைங்க. சொல்லணும்னா நேராவே சொல்லியிருப்பேன், சொன்னதையும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். சொல்லாததை எதுக்குச் சொன்னேன்னு சொல்லணும்?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார் மாஜிஸ்திரேட்.

இராஜாங்கம் சாட்சிக் கூண்டில் ஏறினார். சலவை வேட்டி, பட்டுக்கரைத் துண்டு. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒப்பித்தார். களம் என்னுடையது. அங்கே அவளுக்குக் குடிசை எதுவும் எப்போதும் கிடையாது. அந்தப் பொம்பளை ஆற்றுப் படுகையில் இருக்கிறவள். அருவாளோடு ஓடிவந்து மிரட்டினாள்.

ஹமீது எழுந்தார்.

"குற்றம் சாட்டப்பட்டவர் உங்களை வழக்கமாக எப்படிக் கூப்பிடுவார்?"

"ஆண்டேன்னு."

"அன்றைக்கு?"

இராஜாங்கத்தின் தாடை இறுகியது. "கூப்பிடல."

"அவர் மிரட்டியதும் நீங்கள் பயந்து பின்வாங்கினீர்கள் என்று உங்கள் காரியஸ்தர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். சரிதானா?"

"நான் எதுக்குப் பயப்படணும்?"

"பயப்படவில்லையா?"

"ஒரு பண்ணையாள் பொம்பளைக்கு நான் பயப்படுறதா? எங்க பரம்பரையில எவனும் பயந்ததில்ல."

"அப்படியானால் காரியஸ்தர் சொன்னது பொய். நீங்கள் பின்வாங்கவே இல்லை."

"பின்வாங்கல. சும்மா ரெண்டடி நகந்தேன்."

"அரிவாளைக் கண்டு நகரவில்லை?"

"இல்லைங்கறேன்!"

"பிறகு ஏன் நகர்ந்தீர்கள்?"

அரசு வக்கீல் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் இராஜாங்கம் சொல்லிவிட்டார். "மெழுகி ஈரமா கெடந்துது. செருப்பு வழுக்குச்சு. நகந்தேன். இதுல என்ன இருக்கு?"

ஹமீது உடனே அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் பதில் எழுதப்படுகிறவரை நின்றார்.

"எது மெழுகிக் கிடந்தது? களமா?"

ஆடி மாதத்தில் களம் மெழுகுகிறவர்கள் யாரும் இல்லை. அறுவடை வந்தால்தான் களத்துக்கு வேலை. அந்தக் கோர்ட்டில் இருந்த குமாஸ்தா முதல் பியூன் வரை எல்லோருக்கும் அது தெரியும். இராஜாங்கத்துக்குக் காது வரை ரத்தம் ஏறியது.

"யார் மெழுகினார்கள்?"

"அவதான் மெழுகிக்கிட்டு இருந்தா."

"கையில் அரிவாளோடு மெழுகினாரா?"

வராந்தாவில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவரைக் கவிழ்த்தது. கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எல்லையம்மாளைப் பார்த்துக் கத்தினார். "என் மண்ணுல ஒக்காந்துகிட்டு என் வாசல்ங்கிறா! என்னையே நகந்து நில்லுங்கன்னு சொல்றா! இதை நான் கேட்டுக்கிட்டுப் போவணுமா?"

ரெங்கசாமி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

எல்லையம்மாள் வராந்தாப் பக்கம் பார்த்தாள். காத்தாயி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு நின்றாள். மறந்து போயிருந்தது அவளுக்கு இப்போது திரும்ப வந்திருக்க வேண்டும். செல்லத்துரை கட்டிய கையை அவிழ்த்திருந்தார்.

கடைசியில் மாஜிஸ்திரேட் அவளைக் கேட்டார், சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று.

"அவரு சொன்னது சரிங்க. அதைத்தான் சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன். என் வாசலு அது. இப்ப வாழை வச்சிருக்காங்க."

வழக்கு தள்ளுபடியானது. சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். ஊர்வலமாகப் போகலாம் என்றார்கள். செல்லத்துரை அவள் பக்கத்தில் வந்து, "நான் நெனச்சதைவிட அது பெரிய வார்த்தை எல்லையம்மா," என்றார். அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டதை அவள் பார்த்தாள். கோபம் போய்விட்டது. ஆனால் மாலையை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஊர்வலம் எதுக்குண்ணே? இத்தனை கை வந்திருக்கு. லாரி இருக்கு. மூங்கில் கெடைக்குமா பாருங்க."

அன்று பிற்பகலே அவர்கள் ஆலங்கொல்லைக்குப் போனார்கள். வாழைக்கன்றுகளை எல்லையம்மாள் வெட்ட விடவில்லை. வேரோடு மண்ணோடு பெயர்த்து, களத்துமேட்டுக்கு அந்தப்பக்கம் இராஜாங்கத்தின் வரப்போரம் வரிசையாகக் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். "அவரு கன்னு அவருகிட்ட இருக்கட்டும்," என்றாள். பெண்கள் மண் குழைத்தார்கள். பக்கிரி குழி தோண்டினான். ரெங்கசாமி தூரத்தில் குடையோடு வந்து நின்றார், ஆட்களைக் கூட்டிவரப் போனார், திரும்பி வரவில்லை. லாரி நிறைய இருந்த கூட்டத்தைப் பார்த்து வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் நாலு கால் நட்டுக் கூரை ஏறியது. சுவர் எழும்ப இன்னும் பல நாள் ஆயிற்று. ஒரு மழையில் பாதிச் சுவர் கரைந்தும் போனது. மறுபடி வைத்தார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. இராஜாங்கம் மேல்கோர்ட்டுக்குப் போனார். அந்த வருஷம் முழுக்க அவளுக்கும் பக்கிரிக்கும் ஆலங்கொல்லையில் யாரும் வேலை கொடுக்கவில்லை. நடவுக்கு வெளியூர் நடந்து போய் வந்தார்கள். பசி இருந்தது. மாநாட்டுப் பந்தலின் முகப்பில் கருக்கரிவாள் வாசகத்தைத்தான் எழுதினார்கள், அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டு. அதுவே செல்லத்துரை கமிட்டியில் சண்டை போட்டு வாங்கியது. ஆனால் அரிசி மண்டிச் சுவரில் பெயர் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எல்லையம்மாள், கூட வருகிறவர்கள் யாரானாலும், "அது நான் சொன்னதில்லை," என்று சொல்லிவிட்டுத்தான் மேலே நடப்பாள். சிலர் நம்பினார்கள். பலர் அவள் தன்னடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார்கள். அதற்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மனை விசாரணைக்குத் தாசில்தார் ஆலங்கொல்லைக்கே வந்தார். ஹமீது கோர்ட்டில் எழுதி வாங்கிய இராஜாங்கத்தின் சாட்சியத்தைக் கொடுத்தார். தாசில்தார் அதைப் படித்தார், ரெங்கசாமியைப் பார்த்தார். ரெங்கசாமி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அளந்தார்கள். கல் நட்டார்கள். காத்தாயியின் இடத்தையும் அதே கையோடு அளந்தார்கள்.

குமாஸ்தா பேனாவைத் திறந்தான். "குடும்பத் தலைவர் பேரு?"

"பக்கிரி," என்றார் தாசில்தாரே, முன்னால் நின்ற அவனைப் பார்த்து.

"இல்லைங்க," என்றாள் எல்லையம்மாள். "என் பேர்ல எழுதுங்க."

"வழக்கமா ஆம்பளை பேர்லதாம்மா எழுதறது. ஒன் புருஷன்தானே, ஒண்ணும் ஓடிப்போக மாட்டான்."

"ஓடிப்போக மாட்டாரு. ஆனா என் பேர்லதான் எழுதணும்."

தாசில்தார் பக்கிரியின் பக்கம் திரும்பினார், நீயாவது எடுத்துச் சொல்லேன் என்கிறமாதிரி. பக்கிரி தலையிலிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அவ பேர்லயே போடுங்க சார். உள்ள போனவ அவ. டீ குடிச்சவன்தான் நான்."

குமாஸ்தா சிரித்துக்கொண்டே எழுதினான். எழுதி முடித்ததும் எல்லையம்மாள் அந்தக் காகிதத்தை வாங்கி, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தான். கீழே கையெழுத்துப் போட்டாள்.